கரைக்கு வராத கப்பலிலிருந்து காலையிலேயே இறங்குவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் களுவாஞ்சிகுடி. இலண்டனில் இருக்கும் தம்பியின் குடும்பத்துடன் சேர்ந்து நானும் மனைவியும் 72 வயதான அம்மாவும் செப்டெம்பர் மாதத்தில் கிரேக்கத் தீவுகளுக்குச் செல்லும் உல்லாசக் கப்பலில் இடம் பதிந்திருக்கிறோம். சான்டோரினித் தீவுக்குக் கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று பயணத்திட்டத்தில் உள்ளது. அங்கே கப்பல் துறையில் கட்டப்படாது, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில்தான் இறக்குவார்கள் என்று தம்பி சொல்கிறார். தீவைச் சுற்றிப் பார்ப்பதற்கு 8 மணிக்கு ஒரு வாகனத்தை முன்பதிவு செய்துவிட்டோம். முதற் படகில் இறங்குவதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஊன்றுகோலுடன் நடப்பார்.

பதில்: முதல் வேலையாக அந்த வாகனக்காரருக்கு எழுதி, 8 மணி என்பதை 10 மணியாக மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே கப்பலின் பெயரையும் தெரிவித்து, காலநிலை காரணமாகக் கப்பல் அன்று வராமற்போனால் முற்பணத்தைத் திருப்பித் தருவாரா என்று எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். இவ்வளவு அவசரமாக இதைச் சொல்வதற்குக் காரணம், பயணத்திட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 7 மணி என்பது கப்பல் வந்து நிற்கும் நேரமே அன்றி, நீங்கள் கரையில் கால் வைக்கும் நேரம் அன்று என்பதுதான். கப்பல் நின்ற பின்னர் துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைக்க வேண்டும். கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் கதவைத் திறந்து இறங்குமேடையை அமைக்க வேண்டும். கரையில் நின்று பயணிகளைக் கவனிக்கும் பணியாளர்கள் முதலில் போய்ச் சேர வேண்டும். எல்லாம் சீராக நடந்தாலும் இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பல ஆண்டுகள் கப்பலில் அந்த இறங்குமேடை அருகே நின்று பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலை 8 மணிக்கு வாகனத்தை ஒழுங்குசெய்துவிட்டு, தங்கள் இலக்கம் அழைக்கப்படாமல் கப்பலுக்குள் தவித்து நின்ற குடும்பங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குருமண்வெளித் துறையில் வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகும் பாதைப் படகுக்காகக் காத்திருந்து பழகிய உங்களுக்கு, முன்னால் வந்து நிற்பவரே முன்னால் ஏறுவார் என்ற முறை இயல்பாகத் தோன்றும். கப்பலில் முறை வேறு. பொதுவாக முதலில் இறக்கப்படுபவர்கள், கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாக்களுக்குப் பணம் கட்டியவர்கள். அவர்களுடனோ அவர்களை அடுத்தோ, விலை உயர்ந்த அறைகளில் தங்கியிருப்பவர்களும் அதே நிறுவனத்தின் கப்பல்களில் பலமுறை பயணம் செய்து முன்னுரிமை பெற்றவர்களும் இறங்குவார்கள். அதன் பின்னரே மற்றவர்களுக்கு இலக்கமிட்ட டெண்டர் சீட்டுகளின்படி அழைப்பு வரும். கூட்டம் தணிந்ததும், பெரும்பாலும் முற்பகல் நடுப்பகுதியில், சீட்டு முறையை நிறுத்திவிட்டு, விரும்பியவர் விரும்பிய நேரத்தில் இறங்கலாம் என்று அறிவிப்பார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த வரிசைகளில் எதற்குள் நீங்கள் நுழையலாம் என்பதே.

சீட்டுகளை எப்போது, எங்கே கொடுப்பார்கள் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். சிலவற்றில் காலையில் ஒரு பொது மண்டபத்தில் கொடுப்பார்கள். சிலவற்றில் முதல் நாள் மாலையிலேயே கொடுப்பார்கள். இப்போது கைபேசிச் செயலியின் மூலம் நேரத்தைத் தெரிவுசெய்ய விடும் கப்பல்களும் உண்டு. முதல் நாள் இரவு உங்கள் அறைக்கு வரும் அல்லது செயலியில் தோன்றும் தினசரி நிகழ்ச்சி நிரலில் இந்த விபரம் இருக்கும். அதை உறங்கப் போகுமுன் வாசியுங்கள், ஐயமிருந்தால் வரவேற்பு மேசையில் கேளுங்கள். பல கப்பல்களில் ஒருவர் போய் எல்லோருக்குமாகச் சீட்டு வாங்க முடியாது; குடும்பத்தில் இறங்கப்போகும் அனைவரும் அங்கே நிற்க வேண்டும். தம்பியின் குடும்பமும் நீங்களும் வெவ்வேறு வேளையில் போனால் வெவ்வேறு இலக்கம் கிடைத்துவிடும். காலைச் சாப்பாட்டைக் கூட்டம் நிறைந்த உணவு மண்டபத்தில் தேடாமல், முதல் நாள் இரவே அறைக்குக் கொண்டுவரச் சொல்லிவிடுவது நல்லது. அம்மா நீரிழிவு மாத்திரை எடுப்பவராயின், சாப்பிட்ட பின்னரே வரிசைக்கு அழைத்து வாருங்கள். காத்திருப்பு எவ்வளவு நீளும் என்று அன்று காலை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சான்டோரினியைப் பொறுத்தவரை, படகுக்கான வரிசையைவிடப் பெரிய வரிசை ஒன்று கரையில் இருக்கிறது. அத்தீவு ஓர் எரிமலை வாயின் விளிம்பு; கப்பல் நிற்கும் இடத்தில் கடல் முந்நூறு மீற்றருக்கும் மேலான ஆழமுடையது என்பதால் பெரும்பாலான கப்பல்கள் நங்கூரம் இடுவதுகூட இல்லை, இயந்திர விசையாலேயே ஒரே இடத்தில் நிற்கின்றன. பயணிகளைப் பெரும்பாலும் உள்ளூர்ப் படகோட்டிகளின் பெரிய படகுகள் ஏற்றிச் செல்கின்றன. கப்பலின் சொந்த உயிர்காப்புப் படகுகளை டெண்டராக ஓட்டும் துறைமுகங்களோடு ஒப்பிட்டால், இங்கே கப்பலிலிருந்து இறங்குவது விரைவாகவே நடக்கும். ஆனால் அந்தப் படகுகள் கொண்டுபோய் விடும் பழைய துறை ஒரு செங்குத்தான மலையின் அடியில் உள்ளது. ஃபீரா நகரமோ அதன் உச்சியில், ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்தில் உள்ளது. அந்தத் துறைக்கு வாகனம் வரும் வீதி கிடையாது. மேலே செல்ல மூன்றே வழிகள்: கம்பிவட ஊர்தி, கழுதைச் சவாரி, அல்லது ஐந்நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட படிகள். அம்மாவுக்கு முதலாவதைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. படி இறங்குவது எளிது என்று யாரேனும் சொன்னாலும் கேட்காதீர்கள். நோயுள்ள முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதே அதிக வேதனை தருவது, அதிலும் அந்தப் படிகள் கழுதைகள் நடந்து வழுவழுப்பானவை.

கம்பிவட ஊர்தியில் ஆறு பேர் அமரும் ஆறு கூண்டுகள் ஒன்றாக ஏறுகின்றன, ஒரு பயணத்துக்கு 36 பேர். ஓயாமல் ஓடினாலும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1200 பேரையே ஏற்ற முடியும். சான்டோரினிக்கு ஒரு நாளில் வரும் கப்பற் பயணிகளின் எண்ணிக்கைக்கு 2025 இலிருந்து 8000 என்ற வரம்பு விதித்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள்ளேயே நான்கைந்து கப்பல்கள் ஒரே காலையில் வந்து நின்றால் அடிவாரத்தில் என்ன நடக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். எனவே இத்தீவில் முற்படகில் இறங்குவதன் உண்மையான பயன், மற்றைய கப்பல்களின் பயணிகளுக்கு முன்னர் அந்த ஊர்தியின் வாசலில் நிற்பதுதான். அன்று வேறெந்தக் கப்பல்கள் எத்தனை மணிக்கு வருகின்றன என்பதைத் துறைமுக அட்டவணைகளில் இப்போதே பார்க்கலாம். உங்கள் கப்பலே முதலில் வருவதாயின் பாதிக் கவலை தீர்ந்தது.

இன்னொரு வழியும் உண்டு, அம்மாவை முன்னிட்டு நான் தெரிவுசெய்யக்கூடியதும் அதுவே. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் செல்பவர்களைப் பெரும்பாலும் பழைய துறைக்கு அழைத்துச் செல்வதில்லை. அத்தினியோஸ் என்ற மற்றொரு துறையில் இறக்கி, அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் வீதியால் பேருந்தில் கொண்டுபோகிறார்கள். முன்னுரிமைப் படகும் கிடைக்கும், காலையில் கம்பிவட ஊர்திக்கு நிற்கவும் வேண்டியதில்லை. விலை கூடுதல்தான். ஆயினும் அம்மாவும் அவருக்குத் துணையாக ஒருவரும் மட்டும் அந்தச் சுற்றுலாவில் சென்று, மற்றவர்கள் சீட்டு வாங்கி இறங்கி, ஃபீராவில் சந்தித்துக்கொள்ளலாம். பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எந்தத் துறையில் இறக்குவீர்கள், திரும்பும்போது எந்த வழியாக அழைத்து வருவீர்கள். திரும்பும் வழி பெரும்பாலும் எல்லோருக்கும் பழைய துறையே. காலையில் இரண்டு துறைகளாகப் பிரிந்து ஏறிய கூட்டம் பிற்பகலில் ஒரே ஊர்தியில் இறங்க வேண்டியிருப்பதால், ஏறும் வரிசையைவிட இறங்கும் வரிசை நீளமாகிவிடும்.

திரும்புவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ அதுதான் பெரிய கவலை. கப்பல் 5 மணிக்குப் புறப்படும் என்றால் கடைசிப் படகு 4 அல்லது 4.30 மணிக்கே கரையை விட்டுப் போய்விடும். சரியான நேரம் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாக வாகனம் பிடித்துச் சென்றவருக்காகக் காத்திருக்காது. ஓயா என்ற அழகிய ஊர் ஃபீராவிலிருந்து 11 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது என்றாலும், ஒடுங்கிய வீதியும் கூட்டமும் சேர்ந்து அதை நீண்ட பயணமாக்கிவிடக்கூடும். ஆகையால் ஓயாவை முதலில் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் ஃபீராவுக்கு வந்துவிடுங்கள். 2 மணிக்கு அம்மா ஊர்தியின் மேல் நிலையத்தில் நிற்கும்படி நாளை அமைத்துக்கொண்டால், வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலும் பதற்றமின்றி வந்து சேரலாம். கைபேசியின் கடிகாரத்தை நம்பாமல், கப்பலின் நேரத்தைக் காட்டும் ஒரு கைக்கடிகாரத்தை யாராவது ஒருவர் அணிந்திருங்கள். நிகழ்ச்சி நிரலில் இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நன்று.

சீக்கிரம் இறங்குவதற்குக் கடலின் பக்கத்திலிருந்தும் ஒரு நியாயம் உண்டு. நம் பக்கத்தில் மார்கழி வாடைக்குக் கடல் பொங்குவதுபோல, ஈஜியன் கடலில் கோடை மாதங்களில் மெல்தெமி என்ற வடகாற்று வீசும். யூலை, ஒகஸ்ட் மாதங்களில் அது மிகவும் பலமானது, செப்டெம்பரிலும் சில நாட்களில் எழும்பும். பொதுவாகக் காலையில் அடங்கியிருந்து பிற்பகலில் வலுப்பெறுவது அதன் இயல்பு. ஆகவே காலையில் அசைவின்றி நின்ற படகு மாலையில் மேடையின் அருகே அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம். அலை மிகுந்தால் தலைமை மாலுமி அத்துறையையே கைவிட்டு அடுத்த ஊருக்குக் கப்பலைத் திருப்பிவிடுவார். அது அவருடைய கடமை, அதில் வாதாட இடமில்லை.

இனி அம்மாவைப் பற்றி. அவர் தாமாகவே ஓர் எட்டு எடுத்து வைத்துப் படகுக்குள் செல்ல முடியுமா என்பதைத்தான் மேடையில் நிற்கும் அதிகாரி பார்ப்பார். பல கப்பல்களில் பணியாளர்கள் தாங்கிப் பிடிப்பார்களே தவிர, ஆளைத் தூக்கி ஏற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. எனவே இப்போதிருந்தே வீட்டு வாசற்படியில், ஊன்றுகோல் இல்லாமல், நீங்கள் ஒரு கையைப் பற்றிக்கொள்ள, அம்மா ஏறி இறங்கிப் பழகட்டும். நம் வாவியில் வள்ளம் ஏறிப் பழகியவர் என்றாலும், வாவியில் அலையின் ஏற்ற இறக்கம் இல்லாததால் அந்தப் பழக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேடையில் பணியாளர் உள்ளங்கையைப் பற்றமாட்டார், முழங்கைக்குக் கீழே முன்கையைப் பற்றுவார். அம்மாவும் அவருடைய முன்கையையே பற்ற வேண்டும், ஏனெனில் ஈரக் கை வழுக்கும், முன்கைப் பிடி வழுக்காது. படகு உயர்ந்து மேடையோடு சமமாகும் கணத்தில் பணியாளர் சொல்வார். அவர் சொல்லுமுன் காலை எடுக்கக்கூடாது, சொன்ன பின்னர் தயங்கவும் கூடாது. ஒருமுறை ஒரு மூதாட்டி, பின்னால் நிற்பவர்களுக்குத் தடையாக இருக்கிறேனே என்ற கூச்சத்தில் சொல்லுக்குக் காத்திராமல் அடி எடுத்து வைத்து, கணுக்கால் சுளுக்கிக்கொண்டு பயணம் முழுவதையும் அறையில் கழித்ததைப் பார்த்த வேதனை எனக்கு இன்னும் இருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் காத்திருப்பார்கள் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அன்றைக்குச் சேலையைத் தவிர்த்து, கால் தடுக்காத சல்வாரும், பின்புறம் பட்டி உள்ள, அடி வழுக்காத பாதணியும் அணிவது நல்லது. பை முதுகில் இருக்கட்டும், இரு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். ஊன்றுகோலை முதலில் பணியாளரிடம் நீட்டிவிட்டு அதன் பின்னர் அம்மா ஏறட்டும். படகுக்குள் நடுப்பகுதியில், வெளியே தொடுவானம் தெரியும் இருக்கையில் அமர்ந்தால் தலைச்சுற்று குறையும். குமட்டல் மாத்திரைகள் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடியவை என்பதால், அம்மா எடுக்கும் மற்றைய மருந்துகளைச் சொல்லி, ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கப்பலேறிய முதல் நாளே வரவேற்பு மேசைக்குச் சென்று அம்மாவின் நிலையைச் சொன்னால், சில கப்பல்களில் படிக்கட்டுகளைத் தவிர்த்து மின்தூக்கி வழியாக மேடைக்கு அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்வார்கள். டெண்டர் நாளின் காலையில் போய்க் கேட்டால், அந்த நெரிசலில் உங்கள் பேச்சைக் கேட்கவும் அவர்களுக்கு நேரமிராது.

உங்கள் கடவுச்சீட்டுகள் இலங்கையினுடையவை என்றால், கப்பல் இடையில் துருக்கித் துறை எதையேனும் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், கிரேக்கத்துக்குத் திரும்ப நுழைவதற்குப் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசா, பலமுறை நுழைய அனுமதிப்பதாக, வேண்டும். தீவில் இறங்கும்போது கப்பல் அட்டையும், படமுள்ள ஓர் அடையாள ஆவணமும், கடவுச்சீட்டின் படியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும். கப்பற் பயணிகளிடம் கோடை மாதங்களில் சான்டோரினியில் ஆளுக்கு 20 யூரோ கட்டணம் 2025 யூலையிலிருந்து அறவிடப்படுகிறது. அது வழமையாகக் கப்பல் நிறுவனத்தின் கணக்கிலேயே சேர்க்கப்படும், துறையில் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. அம்மாவின் ஊன்றுகோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால், அந்த மேடை எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பதால், புறப்படுமுன் புதியதாக மாற்றிவிடுங்கள்.