செட்டிநாட்டு வீடுகள்: காரில் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

(சென்னையிலிருந்து சொந்தக் காரில் புறப்படுகிறவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்.)

அம்பத்தூர்: இரண்டு நாளில் எத்தனை வீடுகள் பார்க்கலாம் ஐயா?

மூன்று. நான்காவது வீட்டில் உங்கள் பிள்ளைகள் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காரைக்குடி ஏறக்குறைய 420 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் திருச்சி, புதுக்கோட்டை வழியாக மதியச் சாப்பாட்டு வேளைக்குப் போய்விடலாம். ஆனால் நேரே காரைக்குடிக்கு ஓட்டாதீர்கள். திருமயம் கோட்டையைத் தாண்டியபின் வழியிலேயே கானாடுகாத்தான் வருகிறது. காரை ஊர் ஓரத்தில் விட்டுவிட்டு நடங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள் அவை. காலால் நடந்தால்தான் அந்த நீளம் உறைக்கும். மறுநாள் ஆத்தங்குடி, காரைக்குடி. போதும்.

முகலிவாக்கம்: எல்லா வீட்டிலும் உள்ளே விடுவார்களா?

விடமாட்டார்கள். ஏன் விடவேண்டும்? ஆத்தங்குடி பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. மற்றவை குடும்பங்களின் வீடுகள். பல பங்காளிகளுக்குச் சொந்தம். ஆளுக்கு ஓர் ஊரில் இருப்பார்கள். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் கதவு திறக்கும். திண்ணையில் காவல்காரர் இருந்தால் பணிவாகக் கேளுங்கள். அவர் தலையாட்டினால் முகப்பைத் தாண்டி, முற்றம் இருக்கும் வளவு வரை போய், நான்கு பக்கமும் தூண் நிற்கும் அந்த முற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். சாமி அறையைப் படம் எடுக்காதீர்கள். செருப்பை வெளியே விடுங்கள். இதை இன்னும் பத்து முறை சொல்வேன்.

வேளச்சேரி: சுவரில் முட்டை பூசியிருக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் முட்டை மட்டும் இல்லை. அடிப்பூச்சில் சுண்ணாம்பும் மணலும். கருப்பட்டி, கடுக்காய் ஊறிய நீர் சேரும். ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிட மெல்லியது, நைசானது. கடைசிப் பூச்சுக்குத்தான் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். சித்திரை வெயிலில் போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள், பளிங்கு போலக் குளிரும். இன்றைக்கு அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கிறார்கள். சுவர் மூச்சு விட முடியாமல் உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பொரிப் பொரியாக உதிர்கிறது.

கொளத்தூர்: ஒரு வீட்டுக்கு எத்தனை முட்டை ஆகியிருக்கும்?

கோழியைக் கேட்க வேண்டும்.

பல்லாவரம்: தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் அங்கே வாங்கினால் மலிவா?

லாரி வாடகையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காரில் ஏற்றாதீர்கள், அச்சு முறியும். செய்வதைப் பார்க்கவாவது போகலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ண சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியை உருவும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

சேலையூர்: எங்களுக்கு அரை நாள்தான் இருக்கிறது.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போங்கள். செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பெரம்பூர்: முட்டை வாடை அடிக்காதா?

இல்லை. முட்டைக் கேள்விகள் இத்துடன் முடிந்தன.

திருவான்மியூர்: புது வீடு கட்டுகிறேன். பழைய தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடியில் எங்கே நல்ல விலைக்குக் கிடைக்கும்?

முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஊரே சொல்லும், நான் மறைத்துப் பயனில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் வாங்கும் நிலைக்கதவு மரத்தில் காய்த்ததல்ல. ஒரு வீடு இடிந்தால்தான் அது கடைக்கு வரும். வாங்க ஆள் இருப்பதால் இன்னொரு வீடு இடியும். 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் நகர்வதற்குள் வாசல்கள் உங்கள் வரவேற்பறைக்கு வந்துவிடும் போலிருக்கிறது.

மந்தைவெளி: ஐயா, விற்றவள் பேசுகிறேன். எங்கள் ஐயா கட்டிய வீடு. முப்பது பங்கு. ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். பாதிப் பேர் பணம் தரமாட்டார்கள், பாதிப் பேர் கையெழுத்துப் போடமாட்டார்கள். வளவுக்குப் பின்னால் இருந்த இரண்டாம் கட்டு தானாகவே சரிந்தது. மழையில் மக்கியிருக்க வேண்டிய தூண்களை விற்றோம். பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பேசுவது எளிது.

அம்மா, நீங்கள் சொல்வது சரி. நான் திட்டியது வாங்குகிறவரை. அடி உங்கள் மேல் விழுந்துவிட்டது. செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த பணத்தில் எழுந்த வீடுகள் அவை. 1930களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாகக் கைக்கு வந்த நிலங்கள் சேர்ந்து, கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்களிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், பிறகு நிலமும் போயிற்று. வருமானம் அங்கே, செலவு இங்கே என்று கட்டிய வீட்டை இங்குள்ள சம்பளத்தில் காப்பாற்றச் சொல்வது நியாயமில்லைதான்.

திருவான்மியூர்: அப்படியானால் நான் வாங்கலாமா?

அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மந்தைவெளி: முகப்பும் வளவும் இன்னும் நிற்கின்றன. அதையாவது காப்பாற்ற முடியுமா?

முடியலாம். முழு ஓட்டையும் மாற்றாதீர்கள். முற்றத்தின் நான்கு மூலைகளிலும் இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் ஒழுகும். முதலில் அதை மட்டும் பிரித்து மேயச் சொல்லுங்கள். பங்காளிகளில் பத்துப் பேர் போட்டால்கூட அதற்குப் போதும். உத்தரம் சுவருக்குள் நுழையும் நுனிகளைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். கறுத்திருந்தால் ஒரு கோணி ஊசியால் குத்திப் பாருங்கள், எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எழுதுங்கள். மற்றவர்களுக்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன்.