சாட்சிக் கையெழுத்து போடலாமா?

கேள்வி: என் தோழி கத்தோலிக்கப் பெண். ஓர் இந்துப் பையனைப் பதிவு அலுவலகத்தில் மணக்கிறாள். சாட்சிக் கையெழுத்து போட என்னைக் கூப்பிடுகிறாள். நான் மறைக்கல்வி ஆசிரியை. போனாலே பாவம் என்கிறார் அம்மா. போகலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை அட்டை முதல் அட்டை வரை புரட்டினாலும் கல்யாண விருந்தாளியைத் தடுக்கும் விதி ஒன்றும் அகப்படாது. மணமக்கள் இருவருமே இந்துக்கள், அல்லது சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள் என்றால் நம் திருமண முறை அவர்களைக் கட்டுப்படுத்தாது. தாராளமாகப் போய் மொய் எழுதிவிட்டு வரலாம்.

உங்கள் தோழி விஷயம் வேறு. இருவரில் ஒருவர் கத்தோலிக்கர் என்றாலே குருவின் முன், இரண்டு சாட்சிகளோடு திருமணம் நடக்க வேண்டும் (விதி 1108, 1117). பையன் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர் என்பதால் மதவேறுபாட்டுத் தடையும் (1086) குறுக்கே நிற்கிறது. விதிவிலக்கு வாங்காமல் பதிவு செய்தால், அரசுக்கு அது திருமணம், திருச்சபைக்கு இல்லை.

அம்மாவோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுத் தோழியிடம் ஒன்றைக் கேளுங்கள்: பங்குத்தந்தையைப் பார்த்தாளா? பையன் மதம் மாறினால்தான் கோயிலில் கல்யாணம் என்று யாரோ சொன்னதை நம்பி, வாசல்படியே மிதிக்காதவர்கள் உண்டு. மாறவே வேண்டாம். விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியவள் தோழி மட்டும்தான். பையனுக்கு அதைத் தெரியப்படுத்தினால் போதும் (1125). அவருக்கு ஏற்கெனவே மணமாகவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். தோழி திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக எடுக்க வேண்டும். பீரோவில் கிடக்கும் பழையது உதவாது. திருமணம் நடந்தால் திருமுழுக்குப் பதிவேட்டில்தான் குறிப்பு ஏறும். அப்படி ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் புதுப் பிரதி.

பையன் வீட்டார் கோயில் என்றாலே முடியாது என்கிறார்களா? அப்படிப்பட்ட பெரிய சிக்கல் இருந்தால், பதிவு அலுவலகத்திலேயே மணக்கவும் ஆயர் விலக்கு தரலாம் (1127). சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்கத்தானே வேண்டும்? மனுவை அதற்கு முன்பே கொடுத்துவிடட்டும்.

விலக்கு கிடைத்தால் சந்தோஷமாகக் கையெழுத்திடுங்கள். விலக்கு கேட்கவே மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தால், என் கருத்து இது: விருந்துக்குப் போங்கள், கையெழுத்து வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டம் கேட்பது மூன்று சாட்சிகள். மூன்றாவது ஆள் கிடைக்காமல் போகாது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் திருமணம் ஒரு திருவருட்சாதனம் என்று எழுதிப்போட்ட கை, திங்கட்கிழமை இதற்குச் சாட்சி எழுதினால் அதைத்தான் பெரியவர்கள் துர்மாதிரிகை, அதாவது கெட்ட முன்மாதிரி, என்றார்கள். காரணத்தை முன்கூட்டியே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கடைசி நாளில் காய்ச்சல் என்று போனை அணைத்துவிடாதீர்கள்.

(இருவரில் ஒருவருக்கு முந்தைய வாழ்க்கைத்துணை உயிரோடிருந்து, அந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபைத் தீர்ப்பும் இல்லையென்றால், விருந்துக்கும் போகாதீர்கள்.)

விலக்கு இல்லாமல் பதிவு செய்த பிறகு தோழி மனம் மாறி, "வீட்டுக்கு வந்து மந்திரித்துவிடுங்கள் சாமி" என்று கூப்பிட்டால் அது திருமணம் ஆகிவிடாது. தடைக்கு விலக்கு வாங்கி, குரு முன்னால் இருவரும் புதிதாகச் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்கும் இரண்டு சாட்சிகள் தேவை. அப்போது உங்களைக் கூப்பிடச் சொல்லி இப்போதே சொல்லிவையுங்கள்.