அரணும் சேமப்படையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் எல்லையில் பிரான்ஸ் எழுப்பிய மாஜினோ அரண்வரிசை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய அந்த அரண் 1940-இல் சில வாரங்களில் பயனற்றுப் போனது. டிரோன்கள் வந்துவிட்ட இக்காலத்தில் அரண்களுக்கும் டாங்கிகளுக்கும் செலவிடுவது வீண் அல்லவா? பழைய போர்களைப் படிப்பதால் இனி என்ன பயன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

1940 மே மாதத்தில் பிரெஞ்சுத் தளபதிகள் எடுத்த முடிவுகளைச் சில காலமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. இளம் வயதில் இவற்றைப் பற்றிக் கவலைப்படும் ஒருவரைக் காண்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் ‘பயனற்றுப் போனது’ என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதும் சோம்பலை நீங்கள் உடனே கைவிட வேண்டும்.

மாஜினோ அரண் தன் வேலையைச் செய்தது. ஜெர்மானியரின் முதன்மைத் தாக்குதல் அதை ஒதுக்கிவிட்டு பெல்ஜியம், லக்சம்பர்க் பக்கத்து ஆர்டென் காடுகளின் வழியே வந்து, மே 13 அன்று செடான் என்னும் பிரெஞ்சு நகரில் மியூஸ் ஆற்றைக் கடந்ததே அதற்குச் சான்று. ஆல்ப்ஸ் எல்லையில் இத்தாலியரை அத்தகைய அரண்களே தடுத்தன. குறைந்த ஆட்களைக் கொண்டு நீண்ட எல்லையைக் காத்து, மிச்சமாகும் படையைத் தளபதியின் கையில் கொடுப்பதுதான் அரணின் பயன். அப்படி மிச்சமான படை எங்கே போனது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ரெய்ம்ஸ் பகுதியில் சேமப்படையாக, அதாவது தேவைப்படும் இடத்துக்கு அனுப்பவென்று ஒதுக்கி, நிறுத்தியிருந்த 7-ஆவது ராணுவத்தை, ஹாலந்தை நோக்கி விரையும் இடக்கோடி அணியாகத் தலைமைத் தளபதி கமெலன் மாற்றினார். எதிரியின் முதன்மைத் தாக்குதல் நடுப்பகுதியில் விழுந்தால் எதிர்த்தடிக்கப் படை இருக்காது என்று தளபதி ஜார்ஜ் முன்பே எச்சரித்திருந்தார். அடி நடுவில்தான் விழுந்தது. மே 16 அன்று பாரிசுக்கு வந்த சர்ச்சில், சேமப்படை எங்கே என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்றார் கமெலன். கான்கிரீட்டின் மீது பழி போடுபவர்கள் இந்த ஒற்றைப் பதிலைப் படித்ததே இல்லையோ என்று எனக்குக் கோபம் வருகிறது. 1943-இல் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் ஜெர்மானியரை எதிர்த்த சோவியத் படை அடுக்கடுக்காக அகழிகளும் கண்ணிவெடி வயல்களும் அமைத்ததோடு, அவற்றின் பின்னால் தளபதி கோனெவின் தலைமையில் ஒரு முழுப் போர்முனைப் படையையே இறக்காமல் வைத்திருந்தது. அங்கே அரண் வென்றது.

டாங்கியின் காலம் முடிந்ததா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். 1973-இல் சினாயில் எகிப்தியக் காலாட்படையின் ஏவுகணைகள் இஸ்ரேலிய டாங்கிகளை எரித்தபோதும் அதையே கேட்டார்கள். டிரோன் மறைவிடங்களைக் குறைத்திருக்கிறது. ஆகவே சேமப்படையைச் சிதறடித்து வைத்து, வேண்டிய நேரத்தில் விரைவாகத் திரட்டும் திறன் முன்னைவிட அவசியமாகிறது. ஆயுதக் கிடங்கும் தொழிற்சாலையும் சேமிப்பின் பகுதிகளே. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டுக்குள் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகளை உக்ரைனுக்குத் தருவதாக உறுதியளித்தது. கெடுவுக்குள் ஏறத்தாழப் பாதியையே தர முடிந்தது. வாக்குறுதிக்குப் பின்னால் போதிய இருப்பும் உற்பத்தியும் இருக்கவில்லை.

1940 மே 10-ஆம் நாளின் படைநிலை வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்து, செடானுக்குப் பின்னால் என்னென்ன படைப்பிரிவுகள் நின்றன என்று பாருங்கள். பார்த்தபின் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.