ஹம்பி போகப் பெங்களூரை மிதிக்க வேண்டியதில்லை

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா, அம்மா, எட்டு வயதுப் பையன் எல்லோரும் காரில் ஹம்பி போகிறோம். போன தடவை துமகூர் போனபோது எலக்ட்ரானிக் சிட்டிக்கும் நெலமங்களாவுக்கும் நடுவிலேயே அரை நாள் போய்விட்டது. மேப்பில் எப்படிப் போட்டாலும் பெங்களூர் வழிதான் வருகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் விடிவதற்குள் பெங்களூரைத் தாண்டிவிடலாமா? இல்லை, வேறு வழி இருக்கிறதா?"

வேறு வழி இருக்கிறது, அதுவும் உங்கள் ஊருக்கு வடமேற்கே உள்ள திம்பம் மலைமேல்தான் இருக்கிறது. ராத்திரி கிளம்புவதை மட்டும் விட்டுவிடுங்கள். பத்து மணிக்குக் கிளம்பினால் தூக்கம் கண்ணைச் சொருகும் மூன்று, நான்கு மணிக்கு ஓசூர் பக்கம் லாரிகளுக்கு நடுவில் இருப்பீர்கள்.

பெருந்துறை, கோபி, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், சாமராஜநகர், மைசூர் என்று போய், அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரா, நாகமங்கலா, சிக்கநாயக்கனஹள்ளி, ஹுளியார் வழியாக ஹிரியூர். சாமராஜநகரிலிருந்து ஹிரியூர் வரை, அதற்கு அப்பால் பல்லாரிக்கும் போவது ஒரே தேசிய நெடுஞ்சாலை, 150ஏ. ஹிரியூரில் பெங்களூர்–புனே ரோட்டில் ஏறிச் சித்ரதுர்கா, அங்கிருந்து நெடுஞ்சாலை 50இல் ஹொசப்பேட்டை. ஹம்பி அதை ஒட்டித்தான். தூரம் இந்த வழியிலும் பெங்களூர் வழியிலும் 600 கிலோமீட்டருக்கு முன்னே பின்னே. ஆனால் இதில் பெரும்பகுதி இருவழிச் சாலை, 100இல் பறக்க முடியாது. மேப் பெங்களூரையே காட்டுவதற்கு அதுதான் காரணம். அதற்கு நிமிடக் கணக்கு தெரியும், உங்கள் அம்மாவின் முதுகுவலி தெரியாது. நாகமங்கலா, ஹுளியார், ஹிரியூர் மூன்றையும் நடுவில் நிறுத்தங்களாகச் சேர்த்துவிட்டால் அது உங்கள் பேச்சைக் கேட்கும். காட்டுக்குள் சிக்னல் போய்விடும், அதனால் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். இருபது வருஷமாக டிராவல்ஸ் வண்டி ஓட்டியதில் நான் கற்றது என்னவென்றால், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று யோசிக்கக் கூடாது, வழியில் உள்ள பெரிய ஊரை எத்தனை மணிக்குத் தொடுவது என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வர வேண்டும். இந்த வழியில் பெரிய ஊர் மைசூர் ஒன்றுதான். ஆபீஸ், ஸ்கூல் கூட்டம் அடங்கிய பிறகு, பதினொன்று வாக்கில் தொட்டால் நல்லது. அப்படியானால் சாமராஜநகரில் டிபன் ஒன்பது மணிக்கு, பண்ணாரி ஏழே கால், கோபி ஆறே கால், காங்கேயத்தில் வண்டி எடுப்பது நாலே முக்கால். கோபியில் பள்ளி பஸ்கள் கிளம்புவதற்கு முன்னால் தாண்டிவிடுவீர்கள். ஈரோடு, திருப்பூர் பக்கமே தலைகாட்ட வேண்டாம், சென்னிமலை வழியாகப் பெருந்துறைக்கு ஏறிக்கொள்ளுங்கள்.

பண்ணாரிக்கு ஏன் ஆறு மணிக்கே போகக் கூடாது என்று கேட்பீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பண்ணாரி–திம்பம் மலைப்பாதையில் சரக்கு வண்டிகளுக்குச் சாயங்காலம் 6 முதல் காலை 6 வரை தடை, கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. அதாவது ராத்திரியெல்லாம் அடிவாரத்தில் நின்ற லாரிகள் மொத்தமும் ஆறு மணிக்குத்தான் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி கிளம்பும். அவற்றின் பின்னால் மாட்டினால் 27 கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியரும் டீசல் புகையும்தான். ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள், முன்கூட்டம் மேலே ஏறியிருக்கும். பெரியவர்கள் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். பங்குனியில் குண்டம் (தீமிதி) நடக்கிற நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

வளைவில் லாரி திரும்பும்போது அதற்கு முழு ரோடும் வேண்டும். முன்னால் லாரி இருந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிட்டு, அது திரும்பி முடித்ததும் ஏறுங்கள். நடுவில் மூக்கை நுழைத்தால் அதுவும் நகராது, நீங்களும் பின்னால் எடுக்க முடியாது. பையனுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் கையில் செல்போன் கொடுக்காதீர்கள், பின் சீட்டு நடுவில் உட்காரவைத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், ரெண்டு இட்லி போதும். மேலே ஆசனூர் பக்கம் யானை கரும்பு லாரிக்காக ரோட்டோரம் நிற்பது சாதாரணம். தள்ளி நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், போட்டோவுக்காகக் கதவைத் திறக்கவே வேண்டாம்.

மைசூரில் ஊருக்குள் நுழையாமல், நஞ்சன்கூடு ரோட்டிலிருந்து ரிங் ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் சாமுண்டி மலையைச் சுற்றிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் போய்ச் சேரும். தசரா சமயத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, தேதியை மாற்றிவிடுங்கள்.

பாண்டவபுரா தாண்டியதும் கூட்டம் ஓய்ந்துவிடும். இங்கே தொல்லை வேறு: ஊருக்கு ஊர் வேகத்தடை, பலவற்றில் வெள்ளைக்கோடே இருக்காது. அறுவடைக் காலத்தில் ராகியையும் கொள்ளுப் பயற்றையும் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறினால் தானாகக் கதிரடித்துவிடும் என்று. அந்தத் தாள் அடியில் சுற்றிக்கொண்டு சூட்டில் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. ஓரமாக ஒதுங்கிப் போங்கள், முடியாமல் ஏறிவிட்டால் நூறு அடி தள்ளி நிறுத்தி, குனிந்து பார்த்து இழுத்துப் போட்டுவிடுங்கள். சிக்கநாயக்கனஹள்ளி பக்கம் தென்னந்தோப்பாக வரும், பக்கத்துத் தாலுகா திப்டூர் கொப்பரைக்குப் பேர்போனது. காங்கேயத்துக்காரர் என்பதால் சொல்கிறேன், அங்கே உங்கள் ஊர் மாதிரி உடைத்துக் களத்தில் காயவைப்பதில்லை, முழுத் தேங்காயாகப் பரணில் போட்டு மாதக்கணக்கில் உலர்த்தி உருண்டைக் கொப்பரையாக எடுப்பார்கள். அப்பா இறங்கிப் பார்க்கவேண்டும் என்பார், அரை மணி நேரம் சேர்த்தே கணக்கு வையுங்கள்.

அன்றைக்கே ஹம்பி போய்ச் சேரப் பார்க்காதீர்கள். சாயங்காலம் நாலரை, ஐந்துக்குச் சித்ரதுர்கா வரும், அங்கே தங்குங்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் கோட்டையைப் பார்த்துவிடலாம். ஹைதர் அலியின் ஆட்கள் பாறைச் சந்தில் ஒவ்வொருவராக நுழைய, ஒபவ்வா என்ற காவல்காரன் மனைவி உலக்கையால் போட்டுத் தள்ளியதாகச் சொல்லும் இடம் அதுதான். அந்தச் சந்தைப் பையனுக்குக் காட்டாமல் வராதீர்கள். அங்கிருந்து ஹொசப்பேட்டை இரண்டரை மணி நேரம்.

மழையில் திம்பம் மூடிவிட்டால்? சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர்தான். அப்போதும் ஓசூர் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியிலிருந்து பெங்களூருக்குள் போகாமல் சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டே போய், அங்கிருந்து தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் வழியாக, பெங்களூர்–புனே ரோட்டில் உள்ள தாபஸ்பேட்டை வரை போகும் புது வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள். சுற்றுதான், ஆனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். முந்தின இரவு கிருஷ்ணகிரியில் தங்கி, அத்திப்பள்ளியை ஆறரைக்குள் தாண்டுங்கள்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சாயங்காலம் ஆறு மணித் தடைக்குள் இறங்கிவிட வேண்டும் என்று ஐந்து மணிக்கு மேல் லாரிகள் முண்டியடிக்கும். ஒருமுறை அந்த நேரத்தில் ஒரு லாரி வளைவில் படுத்துக்கொள்ள, இரண்டரை மணி நேரம் நின்றோம், வண்டியில் சர்க்கரை நோயாளி ஒருவர், சாப்பாடு இல்லை, கையில் இருந்தது ஒரு கடலை மிட்டாய். அதனால் ஹொசப்பேட்டையில் வெள்ளென ஆறுக்கே எடுத்து, சாமராஜநகர் தாண்டி வரும் புணஜனூர் செக்போஸ்ட்டை நாலரைக்குள் தொடுங்கள். தாமதமாகிவிட்டால் சாமராஜநகரில் ரூம் போட்டுத் தூங்கிவிட்டுக் காலையில் இறங்குங்கள். அங்கிருந்து காங்கேயம் நாலு மணி நேரம்தான், மத்தியானச் சோத்துக்கு வீட்டில் இருப்பீர்கள்.