‘அப்புறம் பேசலாம்’ என்றால் என்ன அர்த்தம்?

அம்மா, வணக்கம்.

எனக்கு வயது 26. ரங்கூனில் உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் அத்தை மகன் கல்யாணத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நம்மவர்கள்தான், ஊர் மோல்மேன், இங்கே தங்கிப் படிக்கிறாள்.

கொரியன் தொடர் என்றால் அவளுக்கு உயிர். எனக்கும் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். பொய். எனக்கு உயிர் சின்லோன் பந்தாட்டம். சாயங்காலம் கடை அடைத்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரம்புப் பந்தோடு தெருமுனைக்கு ஓடிவிடுவேன். அது அவளுக்கு ரவுடித்தனமாகத் தெரியுமோ என்று வாயே திறக்கவில்லை. ராத்திரி கண்விழித்துத் தொடர் பார்ப்பேன். நேரமில்லாத நாளில் கதைச் சுருக்கம் படித்துக்கொண்டு போவேன். ஒரு நாள் டீக்கடையில், “கடைசியில் அந்த டாக்டர் செய்தது சரியா?” என்று கேட்டாள். நான் வேறு தொடரில் வரும் டாக்டரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. டீ ஆறி ஆடை படியும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இன்யா ஏரிக்கரையில் வைத்து என் மனதைச் சொன்னேன். “நீங்க ரொம்ப நல்லவங்க. இப்போ பரீட்சை இருக்கு, அப்புறம் பேசலாம்” என்றாள். நாலு மாதம் காத்திருந்தேன். தினமும் வைபரில் குட் மார்னிங் போடுவேன். பத்துக்கு ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் ஸ்டிக்கர். போன வாரம் அவள் தோழி சொன்னாள்: “அவளுக்கு விருப்பமில்லை அண்ணே. உங்க முகத்துக்கு நேரே சொல்ல ஆனாதே.” பரீட்சை முடிந்தே மூன்று மாதமாகிறதாம்.

கோபம், வெட்கம், தூக்கமில்லை. நான் பொய் சொன்னதால்தான் வேண்டாம் என்றாளா? உண்மையைச் சொல்லி இன்னொரு தடவை கேட்கட்டுமா?

— பெயர் வேண்டாம், தாம்வே

தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டாம்.

பொய்தான் காரணமா என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும். ‘அவள் மறுத்தது பொய்யான என்னை, நிஜமான என்னைப் பார்த்தால் ஒப்புக்கொள்வாள்’ என்று மனது ஒரு கணக்குப் போடும். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இந்தக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். மறுபடி கதவைத் தட்ட மனது தேடும் சாக்கு அது.

பர்மா பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை: தோழி சொன்ன ‘ஆனாதே’ பர்மியச் சொல். ‘ஆ’ என்றால் பலம், ‘நா’ என்றால் நோவது. ஆனாதே, நம்முடைய தாட்சண்யத்துக்குப் பக்கத்து வீட்டுச் சொல். உங்கள் மனம் நோகுமே என்று அவர் ‘இல்லை’யை விழுங்கினார். அவர் முகம் சுளிக்குமே என்று நீங்கள் சின்லோனை விழுங்கினீர்கள். அவர்மேல் கோபம் வரும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாள் குறிக்காத ‘அப்புறம்’ நம் ஊரில் பெரும்பாலும் ‘வேண்டாம்’தான். ‘எப்போது?’ என்று ஒரு முறை கேட்கலாம். அதற்கும் நாள் வரவில்லையென்றால் பதில் வந்துவிட்டது.

அந்தப் பத்துக்கு ஒரு ஸ்டிக்கர்தான் உங்களை நாலு மாதம் இழுத்தது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் சோதனைகளில், நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் தீனி பெற்ற எலி, தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிட்டது. எப்போதாவது பெற்றதோ, நின்ற பிறகும் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தது.

தூக்கம் போனதற்கு வெட்கப்படாதீர்கள். 2003-இல் நவோமி ஐசன்பெர்கர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஸ்கேனில் படுத்தவர்களைக் கணினியில் பந்தெறியும் ஆட்டம் ஆடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் அவர்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்போது மூளையில், உடல்வலியின் வேதனையோடு தொடர்புள்ள ஒரு பகுதி கிளர்ந்தது. முகம் தெரியாதவர் பந்து போடாததற்கே அப்படி. ஆறு பேர் வட்டமாக நின்று பந்து கீழே விழாமல் தட்டிக்கொடுக்கும் ஆட்டம் ஆடுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒரே ஒரு மெசேஜ்: “அன்றைக்கு நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், எனக்குப் புரிந்தது. இனி தொந்தரவு செய்யமாட்டேன்.” தோழியை இழுக்காதீர்கள், பாவம். பொய்க்கு மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். அதற்கும் அவர் பதில் எழுத வேண்டிவரும். நாளையிலிருந்து குட் மார்னிங் கிடையாது.

இனி யாரையாவது பிடித்தால், இரண்டாவது டீயிலேயே சின்லோனைச் சொல்லிவிடுங்கள். “கொரியன் தொடர் நான் பார்த்ததில்லை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டால் பேச்சு நின்றுவிடாது. விருப்பத்தைச் சொல்லும்போது, “இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள், ஆனாதே வேண்டாம்” என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்ன பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

அப்புறம், அத்தனை ராத்திரி பார்த்ததில் ஒரு தொடராவது நிஜமாகவே பிடித்திருக்குமே? அதைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். அந்த டாக்டர் கடைசியில் என்னதான் செய்தார் என்று எனக்கும் தெரிய வேண்டும்.