14 கணினி, ஒரே பாஸ்வேர்ட்

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் சரக்கு அனுப்பும் சிறு அலுவலகம் நடத்துகிறேன். 14 விண்டோஸ் கணினிகள், ஒரே நெட்வொர்க், பொதுக் கோப்புகளுக்கு ஒரு விண்டோஸ் சர்வர். போன மாதம் விலைப்பட்டியல் கோப்பு ஒன்று அழிந்துபோனது. யாரைக் கேட்டாலும் "நான் இல்லை" என்கிறார்கள். யார், எப்போது, எந்தக் கணினியில் லாகின் செய்கிறார் என்று காட்டும் மென்பொருளை ஒருவர் விற்க வருகிறார். கணினிக்கு மாதம் 9 வெள்ளி, மூன்றாண்டு ஒப்பந்தம். வாங்கலாமா?

பதில்: மொத்தம் 4,536 வெள்ளி. கையெழுத்துப் போடும் முன் ஒன்று சொல்லுங்கள். ஊழியர்கள் ஆளுக்கொரு பெயரில் நுழைகிறார்களா, இல்லை எல்லாருக்கும் 'ஆபீஸ்' என்று ஒரே பெயரும், திரை ஓரத்தில் ஒட்டிவைத்த பாஸ்வேர்டுமா? இரண்டாவது என்றால் எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்த மென்பொருளும் "ஆபீஸ் நுழைந்தார்" என்றுதான் சொல்லும். ஆளுக்கொரு கணக்கு திறப்பதுதான் முதல் வேலை.

நீங்கள் வாங்கப்போகும் தகவலை விண்டோஸ் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறது. கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் 'ஈவென்ட் வியூவர்' என்ற விண்டோஸ் செயலியைத் திறந்து 'செக்யூரிட்டி' பதிவைப் பாருங்கள். 4624 என்ற எண் வெற்றிகரமான லாகின், 4634 அல்லது 4647 வெளியேறியது. 4624 ஆயிரக்கணக்கில் வந்து மிரட்டும். விண்டோஸின் பின்னணிச் சேவைகள் நுழைவதையும் அது எழுதிவைக்கும். லாகின் வகை 2 என்றால் ஆள் நேரில் உட்கார்ந்து நுழைந்தது, 10 என்றால் தொலைவிலிருந்து. அந்த இரண்டை மட்டும் முதலில் வடிகட்டிப் பாருங்கள்.

குறை என்னவென்றால், ஒவ்வொரு கணினியும் தன் பதிவைத் தானே வைத்திருக்கும். இடம் நிரம்பினால் பழையதை அழித்து எழுதும். எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் 'டொமைனாக' சர்வர் இயங்கினால், பதிவுகளை ஒரே இடத்துக்கு அனுப்பும் வசதி விண்டோஸிலேயே உண்டு, தனிக் கட்டணம் இல்லை. ஆனால் விண்டோஸின் 'ஹோம்' பதிப்பு டொமைனில் சேராது, 'புரோ' வேண்டும். அமைத்துத் தர ஒரு நாள் கூலிக்கு ஆள் பிடித்தாலும் 4,536 ஆகாது என்றே நினைக்கிறேன்.

சரி, அந்த விலைப்பட்டியல்? அதை லாகின் பதிவு காட்டிக்கொடுக்காது. நுழைந்தது யார் என்பது வேறு, அழித்தது யார் என்பது வேறு. சர்வரில் அந்தக் கோப்புறைக்குத் தணிக்கையை, அதாவது கோப்புகளை யார் என்ன செய்தார் என்று எழுதிவைக்கும் வசதியை, நீங்களே இயக்க வேண்டும், தானாக இயங்காது. இயக்கிவிட்டால் அழிக்க முயன்ற பெயர் 4663 என்ற எண்ணில் பதிவாகும். விற்க வந்தவர் இதைச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். போன மாதத்துக் கோப்புக்கு இது உதவாது. பேக்கப் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஊழியரின் லாகின் நேரமும் தனிநபர் தரவுதான். வேலை நிர்வாகத்துக்காகத் திரட்டும்போது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர்களின் சம்மதம் தேவைப்படாமல் போகலாம், ஆனால் எதற்காகத் திரட்டுகிறீர்கள் என்று முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படமெடுக்கும் வசதியும் சேர்த்து விற்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரக்கு அனுப்பும் கடைக்கு அது அதிகம்.

இதற்கெல்லாம் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், சிறு நிறுவனங்கள் மென்பொருள் வாங்க அரசு உதவும் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தில் (PSG) அந்த மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பிக்கும் முன்பே பணம் கட்டிவிட்டால் மானியம் கிடைக்காது.