பியெத்ரோ மென்னேயா பத்தி என்ன வேணா கேளுங்க

கேள்வி: அண்ணா, 200 மீட்டர்னா எங்களுக்கு போல்ட், மைக்கேல் ஜான்சன் தான் தெரியும். இந்த மென்னேயா யாரு?

பதில்: தம்பி, ஜான்சன் 1996ல 200 மீட்டர 19.66 செகண்டுல ஓடினப்ப உடைச்சதே இவரோட உலக ரெக்கார்டு தான். 1952ல தெற்கு இத்தாலில பார்லெட்டாங்கிற கடற்கரை ஊர்ல பொறந்தாரு, அப்பா டெய்லர். ஒல்லியான உடம்பு, ஸ்டார்ட்டும் சுமார் தான், ஆனா கடைசி 60 மீட்டர்ல மத்தவங்க எல்லாம் தளர்றப்ப இவரு மட்டும் விடாம வருவாரு பாருங்க, அதுக்காகவே நான் இவரோட ரசிகன். 1979 செப்டம்பர் 12ல ஓடின அந்த 19.72வ கிட்டத்தட்ட 17 வருஷம் யாராலயும் அசைக்க முடியல.

கேள்வி: ப்ரோ, அது மெக்சிகோ சிட்டில வந்த டைம் தானே? உயரமான ஊரு, காத்து லேசு, அதுல ஓடினா யாருக்கும் டைம் குறையும்.

பதில்: நியாயமான கேள்வி. அந்த ஊரு 2,200 மீட்டருக்கு மேல உயரம், பின்னாடி இருந்து அடிச்ச காத்தும் செகண்டுக்கு 1.8 மீட்டர், அனுமதி 2.0 வரைக்கும். உதவி இருந்துச்சு, மறுக்கல. ஆனா அவரு தாண்டின பழைய உலக ரெக்கார்டு, அமெரிக்க ஓட்டக்காரர் டாமி ஸ்மித்தோட 19.83யும் 1968ல அதே ஊர்ல ஓடினது தானே, அப்ப ரெண்டு பேருக்கும் அதே உயரம், அதே லேசான காத்து தான். இன்னொன்னு, 1980 ஆகஸ்ட்ல சொந்த ஊரு பார்லெட்டால, கடல் மட்டத்துல, 19.96 ஓடிக் காட்டினாரு. அதுக்கு அப்புறமும் உயரத்தால வந்த ரெக்கார்டுன்னு மட்டும் சொன்னா எனக்கு மனசு ஒப்பாது.

கேள்வி: மாஸ்கோ 1980 தங்கம் அமெரிக்கா வராததால கிடைச்சதுன்னு சொல்றாங்களே சார்?

பதில்: அமெரிக்கா புறக்கணிச்சது உண்மை. ஆனா ஃபைனல்ல யாரு இருந்தாங்கன்னு பாருங்க, அந்த ஒலிம்பிக்ஸ்லயே 100 மீட்டர் ஜெயிச்ச பிரிட்டன் ஆலன் வெல்ஸ், 1976ல 200 மீட்டர் தங்கம் வாங்கின ஜமைக்கா டான் குவாரி, இது லேசான ரேஸா? மென்னேயாவுக்கு கிடைச்சது எட்டாவது லேன், வெளி ஓரம், அதுல ஓடுறவன் மத்தவங்கள விட முன்னாடி நின்னு கிளம்புவான், அதனால வளைவுல யாரையும் பாக்கவே முடியாது, தன் பாட்டுக்கு ஓடணும். ஏழாவது லேன்ல வெல்ஸ் வெடிச்சுக் கிளம்பி வளைவு முடியறதுக்குள்ளயே இவர தாண்டிட்டாரு. நேர் ட்ராக்குக்கு வந்தப்ப மென்னேயா பின்னாடி, நல்ல இடைவெளி. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்டெப்பா கொறைச்சு கொறைச்சு கடைசில மென்னேயா 20.19, வெல்ஸ் 20.21, வித்தியாசம் ஒரு செகண்டுல நூத்துல ரெண்டே பங்கு! ஒத்த விரல தூக்கிக்கிட்டே ஓடுவாரு பாருங்க, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு புல்லரிக்கும். இத்தாலி டீம் அந்த வருஷம் ஒலிம்பிக் கொடிக்கு கீழ வந்ததால மேடைல சொந்த தேசிய கீதம் கூட ஒலிக்கல.

கேள்வி: அந்த ஃபினிஷ் பிறவியிலயே வந்ததா, ட்ரெய்னிங்கா?

பதில்: ரெண்டும் இருக்கும், ஆனா நான் ட்ரெய்னிங்குக்கு தான் கூட மார்க் போடுவேன். ஃபோர்மியா பயிற்சி மையத்துல கார்லோ விட்டோரி கோச், ரொம்ப கறார். ரிப்பீட் மேல ரிப்பீட், வேகம் குறையாம திரும்பத் திரும்ப ஓடுறது, பண்டிகை நாள்னும் பாக்கிறதில்ல. 1972, 76, 80, 84ன்னு நாலு ஒலிம்பிக்ஸ் 200 மீட்டர் ஃபைனல் தொடர்ந்து ஓடினாரு, அவருக்கு முன்னாடி யாரும் அத செஞ்சதில்ல. ம்யூனிக்ல வெண்கலம், மான்ட்ரியல்ல நாலாவது, மாஸ்கோல தங்கம், லாஸ் ஏஞ்சலஸ்ல ஏழாவது. 1988 சியோலுக்கும் போனாரு, இத்தாலி கொடிய ஏந்திக்கிட்டு.

கேள்வி: 100 மீட்டர்ல எப்படி அண்ணா?

பதில்: 10.01, அதுவும் 1979 மெக்சிகோ சிட்டி தான். இத்தாலி ரெக்கார்டா 2018ல ஃபிலிப்போ டோர்ட்டு 9.99 ஓடுற வரைக்கும் நின்னுச்சு.

கேள்வி: ஓட்டத்துக்கு அப்புறம் என்ன பண்ணாரு?

பதில்: படிப்பு! சட்டம், அரசியல் அறிவியல், உடற்கல்வி, இலக்கியம்னு நாலு டிகிரி. வக்கீலா இருந்தாரு, 1999லேர்ந்து 2004 வரைக்கும் ஐரோப்பிய பார்லிமெண்ட் உறுப்பினர். 2013 மார்ச்ல ரோம்ல கேன்சர்ல போயிட்டாரு, 60 வயசு தான். ஐரோப்பிய ரெக்கார்டு மட்டும் 2024 சீசன் முடிஞ்சப்பவும் அதே 19.72 தான்.